மாதா வரும் நாளில் சிலாபம் பஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு என் மகள் கோயிலில் கையை உயர்த்தினாள். பூசை எப்போது முடியும் என்று அப்போதுதான் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், அதனால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அறிவித்தல்களின் கடைசியில் பங்குச் சுவாமி, "கன்னியர் மடத்தில் போய் இருந்து பார்க்க விருப்பமான பிள்ளைகள் யாரும் உண்டா?" என்று கேட்டார். அடிக்கடி கேட்பார். கேட்டதும் தாய்மார் எல்லோரும் குனிந்து கைப்பைக்குள் எதையாவது தேடுவோம்.

அன்று மன்றாட்டு வாசித்ததும் நான்தான். "எங்கள் பங்கிலிருந்து உமது பணிக்குப் பிள்ளைகளைத் தாரும், ஆண்டவரே" என்று பல வருடங்களாக வாசித்து வருகிறேன். நல்ல குரல் என்பார்கள். அந்த வரி வரும்போது மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரே வீட்டு ஐந்து பெண்பிள்ளைகளின் ஞாபகம்தான் எனக்கு வரும். ஐந்தில் ஒன்று போனால் என்ன? எனக்கு இருப்பதே ஒன்று. ஆண்டவருக்கும் ஒன்றுதான் இருந்தது, அவர் கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். கொடுத்தார். மூன்றாம் நாள் திருப்பி எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த வசதியை யார் செய்து தருவார்?

சுவாமிக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. "அப்படியெண்டா வியாழக்கிழமை பின்னேரம் மாதா எங்கட டீச்சர் வீட்டுக்குத்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் ஊரில் மாதாவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. உள்ளே பிளாஸ்டிக் பூவும் சின்ன மின்குமிழும் இருக்கும். எந்த வீட்டுப் பிள்ளையை ஆண்டவர் கேட்கிறார் என்று நினைக்கிறார்களோ, அந்த வீட்டில் மாதா இரண்டு நாள் இருப்பார். ஊர் கூடிச் செபமாலை சொல்லும். சனிக்கிழமை சிஸ்டர்மார் வந்து தாய் தகப்பனோடு கதைப்பார்கள். கடைசியாக மாதா போய் இருந்த இரண்டு வீடுகளிலும் பிள்ளைகள் மடத்துக்குப் பெட்டி கட்டிவிட்டார்கள். சிலுவையடியில் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற மாதாவைப் பார்த்து இந்த வேலைக்கு அனுப்புகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

என் கணவர் அந்தப் பருவத்துக்கு முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போய் வாடியில் தங்கியிருந்தார். தொலைபேசியில் அழுதேன். "ஆண்டவர் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா உன்னையே குடுத்திருப்பன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்குத் தொய்வு வருத்தம். மழைக்காலத்தில் விடியும்வரை மூச்சு இழுக்கும். மடத்தில் அறுபது பேருக்கு நடுவில் யார் எழுந்து வெந்நீர் வைப்பார்?

எதிர்வீட்டு அக்காவின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த கையோடு அவருடைய மகனுக்குக் குருமடத்தில் இடம் கிடைத்தது. புறப்படுகிற காலையில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பையின் மேலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். அவர் தலையணைக்கடியில் ரோல்ஸ் பலகாரத்தை ஒளித்து வைத்துச் சாப்பிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. பையன் போகவில்லை. கடலுக்குப் போனான். சில வருடங்களுக்குப் பிறகு, எல்லோரும் போகிறார்கள் என்று அவுஸ்திரேலியாவுக்கு ஒரு படகில் ஏறினான். அந்தப் படகைப் பற்றி இன்றுவரை ஒரு கதையும் இல்லை.

இதைப் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது. அக்கா விட்ட பிழை நெஞ்சுவலி என்று முடிவெடுத்தேன். அதை டொக்டர்மார் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால் யார் என்ன செய்ய முடியும்?

இத்தனைக்கும் நான் மறைக்கல்வி ஆசிரியை. ஆண்டவர் ஒரு பக்கம் போகச் சொல்ல மறுபக்கம் கப்பல் ஏறி ஓடிய வேதாகமத் தீர்க்கதரிசியைப் பற்றி வருடாவருடம் படிப்பிக்கிறேன். "இவர் விட்ட பிழை என்ன?" என்று கேட்டு, சரியான விடைக்கு டொபி கொடுக்கிறேன். வியாழக்கிழமை காலை மகளையும் இழுத்துக்கொண்டு பாலாவிச் சந்தியில் சிலாபம் பஸ் ஏறினேன்.

"மாதா வந்தா என்னம்மா? என்னைக் கடிக்கவா போறா?" என்றாள் மகள்.

"சித்தியப் பாக்கத்தான் போறம். வேற ஒண்டுமில்ல."

"பூட்டு ரெண்டு போட்டீங்களே."

நான் யன்னலுக்கு வெளியே தென்னைமரங்களைப் பார்த்தேன்.

சிலாபத்தில் தங்கையின் வீட்டில் தங்கினோம். உலகத்தின் மேல் ஆசை வரட்டும் என்று மகளைப் புடவைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடையிலேயே கண்ணைக் குத்துகிற ஒரு செம்மஞ்சள் சல்வாரை, கண்ணாடி பதித்ததை, அவள் தூக்கினாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "மடத்துக்குப் போறவள் இதையா உடுப்பாள்?" என்றேன்.

"போக முதல் உடுக்கலாம்தானே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, ஒவ்வொரு ஞாயிறும் வாசிச்சீங்களே, ஆரின்ர பிள்ளைய நினைச்சு வாசிச்சீங்க?"

கடைக்காரப் பெண் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஐந்து பெண்பிள்ளைகளின் கதையை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? சல்வாருக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று இரவு மகளுக்கு இழுக்கவே இல்லை. தங்கையின் மகன் குறட்டை விட்டான், இவள் நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்கினாள். நான்தான் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவளை எதிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று என்னிடமே கேட்டுப் பார்த்தேன். ஆண்டவரோடு எனக்கு வழக்கு இருந்தது உண்மை, ஆனால் பூட்டு முழுக்க அவள் மேல்தான் விழுந்திருந்தது.

சனிக்கிழமை, சிஸ்டர்மார் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கக்கூடிய நேரத்தைக் கணக்குப் பண்ணி, பொழுது சாய ஊருக்கு வந்து இறங்கினோம். வீட்டில் இரண்டு பூட்டும் போட்டபடி இருந்தன. வாசலில் ஒருவரும் இல்லை. மாதாவும் இல்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பூட்டின் திறப்பைத் தேடினேன்.

அப்போது எதிர்வீட்டுப் படலை திறந்தது. அக்கா வந்தார். கண்ணாடிப் பெட்டியை இடுப்பில், கைப்பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கியிருந்தார். மின்குமிழின் வயர் பின்னால் மண்ணில் இழுபட்டு வந்தது.

"என்ன பிள்ளை, சுகமா? உனக்கு நெஞ்சுவலி வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பஸ்ஸில ஏறிட்டியே, கெட்டிக்காரி!"

நான் குனிந்து கைப்பைக்குள் திறப்பைத் தேடினேன்.

"ரெண்டு நாளும் செபமாலை எங்கட வீட்டிலதான். சிஸ்டர்மாரும் வந்தவை. டீச்சர் அவசரமா போயிட்டா, நாளைக்குப் பூசை முடிய வாங்கோ எண்டு சொல்லி அனுப்பினன்."

"அக்கா, உங்களுக்கென்ன..." என்று தொடங்கினேன்.

"எனக்கென்னவா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "நானும் மறிச்சனான்தானே. நீ இவளை விட்டா, மாதத்தில ஒரு நாள் மடத்துக்குப் போய்ப் பாக்கலாம். தொய்வுக்கு மருந்து கொண்டுபோய்க் குடுக்கலாம். நான் என்ர பிள்ளைய எந்தக் கடலில போய்ப் பாக்கிறது?"

மகள் போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை விடாமல் அக்கா என்னைப் பார்த்தார்.

"கதவைத் திற பிள்ளை. கை நோகுது."