கடாரத்திலிருந்து வந்த அம்மா

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஃபேரர் பார்க் பக்கம். சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள் என்னை 'யுனிவர்சிட்டி தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அது எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் படிப்பில் செமினார் என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு காலகட்டத்தை எடுத்துக் கட்டுரை எழுதி, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற மாணவர்கள் முன்னால் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் ஒருவர் கேள்வி கேட்பார். அது யார் என்பதை விரிவுரையாளர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒருவர் மலாக்கா சுல்தான்கள் காலத்தை எடுத்தார், ஒருவர் டச்சுக்காரர் காலத்தை எடுத்தார். நான் சோழர் காலத்தைக் கேட்டு வாங்கினேன். கடல் தாண்டி வந்து கடாரத்தை வென்ற கதை இருக்கும்போது வேறு எதை எடுப்பேன்?

என்னிடம் கேள்வி கேட்க வேண்டியவன் என் நெருங்கிய நண்பன், மலாய்க்காரன். கெடாவில் நெல்வயல்களுக்கு நடுவே வளர்ந்து, உபகாரச் சம்பளத்தில் படிக்க வந்தவன். எனக்கு மண்டையில் ஏறாத பாடங்களை எல்லாம் பஸ்ஸில் போகும்போதே சொல்லிக்கொடுப்பான். அந்தக் காலக் கடாரம்தான் இவன் ஊரான கெடா என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டுரைக்கு நான் அதிகம் மெனக்கெடவும் இல்லை. கொஞ்ச நாளைக்கு முன்புதான் எங்கள் வட்டாரத்துத் தமிழர் சங்க விழாவில் இதே விஷயத்தைப் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். "பேச்சுன்னா இப்படி இருக்கணும் லா!" என்று சங்கத் தலைவர் தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். அந்த மேடைப் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

நாங்கள் கப்பலில் வந்தோம், நாங்கள் வென்றோம், அவர்கள் கருவூலத்தையும் கோட்டை வாயில் தோரணத்தையும் நாங்கள் கொண்டுபோனோம் என்று, ஏதோ நானே துடுப்புப் போட்டு வந்தவன் மாதிரி கையை ஆட்டி ஆட்டிப் படித்தேன். நண்பன் பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அந்த ஊர்ல இருந்த ஜனங்க என்ன ஆனாங்க?" என்றான்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "அவங்கதான் தோத்துட்டாங்களே, அவங்களைப் பத்தி யாரு எழுதி வைக்கப் போறா?" என்றேன். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டான். நான் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று கேண்டீனில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நோன்புப் பெருநாள் வந்தது. அவனுடைய அம்மா கெடாவிலிருந்து கிளம்பி, சிங்கப்பூரில் கேலாங் சிராயில் இருந்த மூத்த மகள் வீட்டுக்கு வந்திருந்தார். வழக்கம்போல என்னையும் அழைத்தான். பலகை வீடு. புதுப்பாய் விரித்து, ஓலையில் பொதிந்து வேகவைத்த கெத்துப்பாட் சோறு வைத்து, நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று எனக்காகத் தனியே கோழி சமைத்து வைத்திருந்தார்கள்.

நான் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா எதிரே வந்து உட்கார்ந்தார். "நீதான் அந்தப் பிள்ளையா?" என்று மலாயில் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் ஒரு பெரிய கோயில் கல்வெட்டில் கெடாவின் பழைய பெயர் இருக்கிறது, அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் நான்தான் என்று மகன் அவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் அதை அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். வாசலில் இரண்டு மூன்று பெண்கள் என்னைப் பார்க்கவென்றே வந்து நின்றார்கள்.

அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்: "அந்தக் கல்லுல எங்க ஊரைப் பத்தி என்னப்பா எழுதியிருக்கு?"

அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எப்படித் தோற்றது, அங்கிருந்து என்னென்ன அள்ளிக்கொண்டு போனார்கள் என்பதுதான். விழாவில் முழங்கிய வரிகளில் ஒன்றைக்கூட அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நண்பன் பக்கத்தில் சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தான். வகுப்பில் நான் பேசியதை அவன் ஒரே ஒரு வார்த்தையில் போட்டுடைத்திருந்தால் என் மானம் அந்தப் பாயிலேயே போயிருக்கும். அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"ரொம்பச் செல்வம் கொழிச்ச ஊருன்னு எழுதியிருக்கும்மா" என்றேன்.

பொய் இல்லை. கொள்ளை போன பொருளை வைத்துத்தான் அதைச் சொல்கிறேன் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். "கேட்டீங்களா?" என்று அம்மா வாசலில் நின்ற பெண்களிடம் பெருமையாகத் திரும்பினார். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு கோழியை வைத்தார். மறுக்கவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

பஸ் ஸ்டாப் வரை நண்பன் கூட வந்தான். "ஏன் நீ அவங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீ விருந்தாளி லா" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவங்களுக்கு அது சந்தோஷமா இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்றான்.

மன்னித்துவிடு என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

பிறகு நான் வரலாற்று ஆசிரியரானேன். எத்தனையோ மன்னர்களின் வெற்றிகளை நடத்தினேன். பிள்ளைகள் கைதட்டத் தயாராகும் இடம் வரும்போதெல்லாம் எனக்குக் குரல் இறங்கிவிடும். அன்று அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதைத்தான் இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.