மூன்று மணிக்கு மேல் வந்து பாருங்கள்

மாடியைக் கல்லூரிப் பெண்களுக்கு வாடகைக்கு விடுவது காற்றை நம்பிச் செய்கிற தொழில் என்பது எண்ணூர்ப் பக்கம் குடியிராதவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊருக்கு மேற்கே கம்பெனிகள், கிழக்கே கடல், நடுவில் ஒரு கல்லூரியும் படகு விடுகிற ஏரியும். காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாடை. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்து அதைத் திருப்பித் தள்ளிவிடும். அதனால் வீடு கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வோம்: மூன்று மணிக்கு மேல் வந்து பாருங்கள். நீங்களும் வீடு விடுகிறவரானால் என்னைக் கோபிக்க மாட்டீர்கள்.

இந்த வருடம் மாடி காலி. ஆடி பிறப்பதற்குள் ஆள் வராவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஓசூருக்கு வந்துவிடு என்று மகன் சொல்லிவிட்டான். அவன் வீட்டில் எனக்கென்று ஒதுக்கியிருப்பது டிவி ஓடுகிற அறை.

வெள்ளைக் கோட்டு

போன வருடம் இருந்தவள் வாணியம்பாடிப் பெண், ஷபானா. வேதியியல். துவைத்த வெள்ளைக் கோட்டை மொட்டைமாடியில் காயப்போடுவாள். எடுக்கும்போது கம்பெனிப் புகையின் சாம்பல் பூத்திருக்கும். உதறினால் கோடு கோடாக இழுத்துக்கொள்ளும். அழுக்குக் கோட்டோடு ஆய்வகத்துக்குள் வராதே என்று ஒருநாள் வெளியே நிறுத்திவிட்டார்களாம். பிறகு அறைக்குள்ளேயே மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டினாள். அறை முழுக்க ஈரவாடை. தேர்வு முடிந்ததும் காலி செய்தாள். சாவியைக் கொடுக்கும்போது குறையாகச் சொல்லவில்லை, ஏதோ ஊர்ச் செய்தி சொல்கிறவள் போலச் சொன்னாள்: "எங்க ஊர்ல வெயில்ல போட்டா துணி வெளுக்கும் பாட்டி."

ஏரி தெரியும் அறை

இந்த வருடம் முதலில் வந்தவர்கள் தேனிப் பக்கத்து அப்பாவும் மகளும். கல்லூரி விளம்பரத்தில் அன்னப்பறவைப் படகில் பெண்கள் சிரித்துக்கொண்டு போகும் படத்தை அந்தப் பெண் பார்த்திருந்தாள். தரகர் மூர்த்தியும் ஏரி தெரியும் அறை என்று சொல்லித்தான் கூட்டிவந்திருந்தார். கடற்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. எனக்கும் நம்பிக்கை வந்தது. ஜன்னலைத் திறந்ததும் அவள், எவ்வளவு பெரிய மைதானம் என்றாள். ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடியிருந்தது. நடுவில் ஓர் அன்னத்தின் கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

ஏரி எங்கே என்று அப்பா கேட்டார். மூர்த்தி அசரவில்லை. "ஏரி எங்க சார் பூடப் போவுது? கீழதான் கீது. செடிய தள்ளிட்டு பாருங்க."

படகுத்துறை

ஏரியின் மறுகோடியில் செடி எட்டாத ஒரு மூலையில் இன்னும் இரண்டு படகுகள் ஓடுகின்றன. கல்லூரிப் பெண்கள் வந்தால் என் மாடியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று டிக்கெட் கிழிக்கும் தனசேகரிடம் கேட்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. பெரம்பூரிலிருந்து வந்த இளம் ஜோடி ஒன்று படகில் கால் வைக்கத் தயங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப ஆழமா என்று பையன் கேட்டான். தனசேகர் டிக்கெட்டைக் கிழித்தபடியே அவனுக்குத் தைரியம் சொன்னார்: "ஆழத்துக்கு பயப்படாத நைனா. தண்ணி மேல பட்டா மட்டும் வூட்டுக்குப் போயி சோப்பு போட்டு குளிச்சிடு."

வியாசர்பாடி அம்மா

ஆனி முடியப்போகிற வாரத்தில் ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். வீடு வியாசர்பாடியில், குப்பைமேடு எரிகிற புகை ஜன்னல் வழியாக வரும் என்றார். மகள் அமுதாவுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. ஏரிக்கரையில் இடம் கிடைத்தால் மூன்று வருடமாவது பெண் நல்ல காற்றில் படிப்பாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மாடியேறி வந்தபோது அந்தப் பெண்ணின் நெஞ்சில், பால் பொங்குவதற்கு முன் பாத்திரம் எழுப்புகிற மாதிரி மெல்லிய சத்தம். ஜன்னலருகே நின்றாள். கடற்காற்றை இழுத்து இழுத்து விட்டாள். சத்தம் அடங்கியது. அம்மா அவள் முதுகில் கை வைத்துப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்றார். முன்பணம் கையில் தயாராக இருந்தது. என் கையில் சாவி. ஓசூர் டிவியின் சத்தம் என் காதில் கேட்டது.

நாளைக் காலை ஏழு மணிக்கு வந்து ஒருமுறை நின்று பாருங்கள் என்றேன். இந்தத் தெருவில் யாரும் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

வந்தார்கள். அமுதா பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலரை இரண்டு முறை அழுத்திய பிறகுதான் தலை நிமிர்ந்தாள். அம்மா திட்டுவார் என்று நினைத்தேன், அல்லது நன்றி சொல்வார் என்று. மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ உள்ளத சொல்லிட்டம்மா, சரி. அப்ப நாங்க எங்கதான் போறது, அதையும் சொல்லேன்."

ஆடி பிறந்துவிட்டது, பெட்டி கட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன், வீடு விடுகிறவள் வாயைத் திறந்தால் முதலில் காலி செய்வது அவள்தான்.