குந்த ஒரு எடம்

செங்கொடி நின்றே சம்பாதிக்கிறவள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய துணிக்கடை, இரண்டாவது மாடி, ஜாக்கெட் பிட் பிரிவு. காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் கால் மடங்கும். பதினாறு வருஷமாக இதுதான். வாடிக்கையாளர் கொண்டுவரும் புடவையை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பாள், திரும்புவாள், முந்நூறு நிறங்களுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு பிட்டை உருவிப் போடுவாள். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவள் பிரிவுக்கும் இரண்டு ஸ்டூல் வந்தன.

"வந்துச்சுண்ணா. அதும்மேல துணி மூட்ட குந்திக்கினு கீது. நான் அத்தப் பாத்துக்கினு நிக்கிறேன்" என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள்.

அண்ணன் பகலவன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்கர். பெட்டிக் கதவில் தொங்கும் சீல் நம்பரைக் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, கையால் எழுதுவான். இருப்பதை இருக்கிறபடியே எழுத வேண்டும், சொந்தமாக ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கக் கூடாது என்பது அந்த வேலையின் வேதம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நம்பர் பிசகியதில்லை. ஆனால் டீக்கடையில் அவன் பீற்றிக்கொள்வது அதைப் பற்றி அல்ல. "என் தங்கச்சி கண்ணு கீதே, அது கம்ப்யூட்டரு" என்பான்.

எர்ணாவூரில் அவர்கள் இருக்கிற ஹவுசிங் போர்டு வீடுகளுக்கு எதிரே, வருஷக்கணக்காக டிரெய்லர் லாரிகள் ஆக்கிரமித்திருந்த மனையில் மாநகராட்சி ஒரு பூங்கா கட்டியது. நடைபாதை, ஊஞ்சல், வேலி போட்ட புங்கங்கன்றுகள், எட்டு சிமெண்டு பெஞ்சு. கட்டி முடித்த கையோடு, பெயரை நீங்களே வையுங்கள் என்று குடியிருப்புக்குச் சொல்லிவிட்டார்கள். ரேஷன் கடை வாசலில் ஒரு பெட்டியும் ஒரு கட்டுத் துண்டுச்சீட்டும் வைத்தார்கள். சீட்டில் இரண்டு கட்டம். முதல் கட்டம், பூங்காவுக்கு நீங்கள் விரும்பும் பெயர். இரண்டாவது கட்டம், உங்கள் பெயர், வீட்டு எண்.

குடியிருப்பே அமளிப்பட்டது. தண்ணீர்க் குழாயடியில், மாடிப்படியில், ஷேர் ஆட்டோவில், எங்கே பார்த்தாலும் பெயர்தான். எழுத வராதவர்கள் பகலவனிடம் வந்தார்கள். அவன் பத்தொன்பது சீட்டு எழுதினான். கடைசியாகத் தங்கையிடம் போனான். அவள் அப்போதுதான் கடையிலிருந்து வந்து, காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"செங்கொடி, பார்க்குக்குப் பேரு இன்னா வெக்கலாம்?"

"பேரா? போண்ணா. குந்த ஒரு எடம், அவ்ளோதான்."

பகலவன் கேட்டான், அவள் சொன்னாள். சொன்னதைச் சொன்னபடியே முதல் கட்டத்தில் முத்து முத்தாக எழுதி, இரண்டாவதில் அவள் பெயரைப் போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்காவிலேயே கூட்டம். உதவிப் பொறியாளர் சௌமியா, சின்ன வயசுப் பெண், பெட்டியோடு வந்திருந்தாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் சுப்புராயன் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் உட்கார்ந்திருந்தார். செங்கொடி கடையில் மதியம் வரை பர்மிஷன் வாங்கிக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் ஓரமாக நின்றாள்.

சௌமியா ஒவ்வொரு சீட்டாகப் படித்தாள். மகிழ்ச்சிப் பூங்கா. மழலைப் பூங்கா. பொற்றாமரைப் பூங்கா. மறுபடியும் பொற்றாமரை. அது தலைவர் வைத்த பெயர். வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தார். பிறகு ஒரு சீட்டைப் பிரித்தவள் நின்றாள். திருப்பிப் பார்த்தாள். மெதுவாகப் படித்தாள்.

"குந்த... ஒரு... எடம்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஊஞ்சலில் இருந்த பிள்ளைகள் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தன.

"யார் எழுதினது? செங்கொடி, டி பிளாக், முப்பத்தி ரெண்டு" என்று சௌமியா படிக்க, எல்லாத் தலையும் ஓரமாகத் திரும்பியது. செங்கொடியின் முகம் கன்றிப்போனது.

"யண்ணா, இன்னாத்த எழுதி வெச்ச?"

"நீ சொன்னத்ததான் எழுதினேன்!"

பன்னிரண்டு வருஷத்தில் பிசகாத கை, தங்கச்சி மானத்தில் போய்ப் பிசகிவிட்டதே! பகலவன் முண்டியடித்து முன்னால் போனான். "மேடம், அது பேரு இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன். எட்த்துடுங்க."

"கிழிச்சிப் போடுங்கம்மா" என்றார் சுப்புராயன். "நாலு ஊர்க்காரன் வந்து போற எடம். போர்டுல 'குந்து'ன்னு எழுதினா காறித் துப்ப மாட்டான்? நம்ம பேச்ச வூட்டோட வெச்சுக்கணும்."

அதுதான் அவளைக் கிளப்பிவிட்டது. பகலவன் கண்ணெதிரே தங்கையின் முகம் மாறியது. பொதுக்கூட்டத்தில் ஒரு தடவைகூட வாய் திறக்காதவள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் வந்தாள்.

"கிழிக்காதீங்க மேடம். தலைவரே, ஒண்ணு கேக்கறேன். இப்ப இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"இன்னா பண்றேன்? பேசிக்கினு கீறேன்."

"அது வாயி. கீழ?"

அவர் தான் இருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் கூட்டம் சொன்னது: "குந்திக்கினு!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. இந்தத் தடவை கூட்டம் செங்கொடி பக்கம் நின்று சிரித்தது.

சௌமியாவுக்கும் சிரிப்புத்தான், ஆனாலும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவள். "அக்கா, கருத்து ரொம்ப நல்லா இருக்கு. கொஞ்சம் நல்ல தமிழ்ல மாத்திக்கலாமா? 'அமர்விடம்'னு வைக்கலாம். அதே அர்த்தம்தானே?"

பகலவனுக்கு உயிர் வந்தது. ஒத்துக்கொள் என்று தங்கைக்குக் கண்ணைக் காட்டினான். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"அதே அர்த்தம் இல்ல மேடம். அமர்றதுன்னா மேடை, மாலை, மைக்கு. உக்கார்றதுன்னா, வாங்க உக்காருங்கன்னு யாராவது சொல்லணும். எங்க கடையில இத்தினி வருசமா எனக்கு ஒருத்தரும் சொல்லல. குந்தறதுக்கு யாரு சொல்லணும்? காலு வலிச்சா குந்தறோம். மீன் வித்துட்டு வர்ற பவுனம்மாக்காவும் குந்தும், லாரி ஓட்றவரும் குந்துவாரு. இது அதுக்குத்தானே கட்னது?"

அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் நின்று வேலை செய்கிறவர்கள். வாட்ச்மேன், கம்பெனி ஹெல்பர், மீன்கூடைக்காரி. ஒருவர் விசிலடித்தார். சீட்டை எடுத்துவிடச் சொன்னவன் தானா என்று பகலவனுக்கே வெட்கமாக இருந்தது.

"மேடம், நான் தப்பா எழுதல. அதான் பேரு!" என்று கத்தினான்.

"சரி, கை தூக்குங்க" என்றாள் சௌமியா.

மகிழ்ச்சிக்கும் மழலைக்கும் தலா நாலைந்து கை. பொற்றாமரைக்கு நாற்பத்தாறு. தலைவர் திருப்தியாக மீசையைத் தடவினார்.

"குந்த ஒரு எடம்?"

கைகள் எழும்பின. பெஞ்சுப் பக்கம், ஊஞ்சல் பக்கம், வேலிக்கு வெளியே நின்றவர்கள் பக்கம். எண்ணி முடியாமல் சௌமியா திணற, பகலவன் இறங்கிவிட்டான். ஒவ்வொரு கையையும் கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, உள்ளங்கையில் பேனாவால் கோடு போட்டான். வரிசை வரிசையாகப் போய்த் திரும்பி வந்தான்.

"அறுபத்தி ஒண்ணு!"

"யோவ், பவுனம்மா ரெண்டு கையத் தூக்கிக்கினு கீது" என்றார் தலைவர்.

"ரெண்டு காலும்தான் வலிக்குது, ரெண்டு கை செல்லாதா?" என்றாள் பவுனம்மாள்.

"எறக்குக்கா ஒண்ண!" என்று கெஞ்சினான் பகலவன். ஒரு கோட்டை அழித்தான். "அறுபது மேடம். சுத்தமா அறுபது."

பூங்கா அதிர்ந்தது. பவுனம்மாள் செங்கொடியைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் தூக்கப் பார்த்தாள். சுப்புராயன் புங்கங்கன்றை முறைத்துவிட்டு, "வெச்சிட்டீங்கல்ல? போர்டு எழுத்தாவது பெரிசா எழுதச் சொல்லுங்க" என்றார்.

முடிவை அப்போதே மண்டல அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமாம். சௌமியா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், எர்ணாவூர் பூங்கா. பேர் முடிவாயிடுச்சு. குந்த ஒரு எடம்."

"என்னம்மா? முகுந்தன் பூங்காவா? யாரும்மா முகுந்தன்?"

"இல்ல சார். குந்த..."

"கோவிந்தனா? சத்தமாச் சொல்லும்மா, கேக்கல."

சௌமியா உதட்டைக் கடித்துக்கொண்டு போனைச் செங்கொடியிடம் நீட்டினாள். செங்கொடி அதை வாங்கிக் கூட்டத்தை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். யாரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லவில்லை. நூறு தொண்டை ஒரே நேரத்தில் கிளம்பியது. அதில் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது பகலவனின் குரல்தான். ஒவ்வோர் எழுத்தாக, பிசகில்லாமல்.

"கு... ந்... த!"