ரிஜிஸ்டரில் ஏழு முனியாண்டி

தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் உத்தியோகத்தில் பாடம் சொல்லித் தருவது கால்வாசி. பிள்ளை பிடிப்பது முக்கால்வாசி. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டக் கூலி லயங்களில் என்னைப்போல் விடியுமுன்னே கதவு தட்டித் திரிந்த வாத்தியார்மாருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருபது பிள்ளைக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, அந்தக் கொட்டகையில் ரப்பர் ஷீட்டு காயப்போடப் போவதாகத் துரை சொல்லியிருந்தார். என் சோறும் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது.

பெரட்டுக்குப் போட்டி

காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போதே கங்காணி பிள்ளைகளையும் புல்லுப் பிடுங்க ஓட்டிவிடுவார். பிள்ளையின் ஒரு கையை நான் இழுப்பேன், மறு கையை அவர் இழுப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "படிச்சா இவன் நாளைக்கு ஆபீசுல கணக்கெழுதுற கிராணி ஆவான், கங்காணி" என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "எல்லாரும் கிராணி ஆயிட்டா, நீங்களா வந்து புல்லுப் புடுங்குவீங்க வாத்தியாரே?"

மழை நாளில் பிறந்தவள்

பிள்ளை கிடைத்தால் அடுத்த தொல்லை வயது. பால்மரம் வெட்டும் அஞ்சலையிடம் மகன் வயதைக் கேட்டேன். "ஆறாம் நெம்பர் காட்டுல மொத வெட்டுப் போட்ட அன்னைக்குப் பொறந்தான்" என்றாள். கிராணியின் புத்தகத்தில் அந்த வெட்டின் தேதியைத் தேடிப் பார்த்து, ஏழு வயது என்று எழுதிக்கொண்டேன். நல்ல வழியாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரியிடமும் அப்படியே கேட்டேன். அவள் பாவம், விழித்தாள்: "எம்மவ பொறந்தன்னைக்கு மழைங்க, யாருமே மரம் வெட்டலியே!"

சிவப்புப் பென்சில்

எங்கள் தோட்டத்துக் காவல் சாமி முனியாண்டி. பிரசவம் நல்லபடியாக முடிந்தால் பிள்ளைக்கு அவர் பெயரென்று தாய்மார் நேர்ந்துகொள்வார்கள். ஆக, என் இருபது பேரில் ஏழு பேர் முனியாண்டி. அப்பன் பெயரையும் சேர்த்து எழுத எனக்குப் புத்தி போகவில்லை.

ஈப்போவிலிருந்து இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். அன்று பார்த்து ஐந்து முனியாண்டிகள் புல்லுக்காட்டில். "இரண்டு பெடியனை ஏழாக்கி எழுதியிருக்கிறீர் மாஸ்டர். பொய்ப் பேரெல்லாம் வெட்டப்போறன்" என்று சிவப்புப் பென்சிலை எடுத்தார். வெட்டினால் பதினைந்து, பள்ளி போச்சு.

அவருக்கு வழிகாட்டி வந்த கங்காணி வாசலில் நின்றிருந்தார். "சாமிக்கு நேந்து வச்ச பேரு பொய்ப் பேரா?" என்று கத்திக்கொண்டே காட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் கையெல்லாம் மண்ணாக ஐந்து பேரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் பெயர் சொல்லிக் கூவியதைக் கேட்டு, பின்னாலேயே பால்வாளியோடு மூன்று பெரிய முனியாண்டிகளும் வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சின்னத் தலைகளை மட்டும் இரண்டு தரம் எண்ணிவிட்டுப் பென்சிலைச் சட்டைப்பைக்குள் வைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் வந்தது, சொல்ல வெட்கமில்லை.

கார் போனதும், பிள்ளைகளைக் காட்டுக்குத் திருப்பி ஓட்டுவார் என்று கங்காணியைப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்: "இனி இவனுங்க தெனம் இங்கதான். அந்த ஆளு திரும்பி வாரப்ப ஒருத்தன் கொறஞ்சாலும் சாமி பேருக்கில்ல கேவலம்!"

அதற்குப் பிறகு பிள்ளை பிடித்ததெல்லாம் கங்காணியும் சாமியும். சம்பளம் வாங்கியது மட்டும் நான்.