நாலாம் பக்கத்துக் கார்னிஸ்

"பஹின்ன! இறங்கு!" என்று கீழே காவலுக்கு நின்ற ஆமிக்காரர் கத்தியபோது, மணிக்கூட்டுக் கோபுரத்தின் நாலாம் பக்கத்தில், கம்பும் பலகையும் கட்டிய சாரத்தில் நின்று நான் பூசிய கார்னிஸ் பாதிதான் முடிந்திருந்தது.

நாட்டில் யுத்தம் நடந்த காலம். கோபுரமோ பழைய உலக யுத்தத்தில் செத்தவர்களுக்காகக் கட்டியது. கொழும்புக்கு வடக்கே ஒரு சின்ன டவுனில் இருந்தது. கீழே நாலு வளைவு, பளிங்கில் பெயர்கள், மேலே மணிக்கூட்டின் நாலு முகம், உச்சியில் சின்னக் கும்மட்டம். முகங்களுக்கு மேல் ஓடும் சாந்து விளிம்பான கார்னிஸ் உடைந்து, மழைத் தண்ணீர் மெஷினுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த வேலை தெரியாத தம்பிமாருக்குச் சொல்கிறேன். தகரத்தில் வெட்டிய டெம்பிளேட்டை ஈரச் சாந்தின் மேல் இழுத்துத்தான் கார்னிஸின் வளைவை எடுப்போம். சாந்து இறுகுமுன் ஒரு பக்கம் முழுவதும் முடியவேண்டும். நடுவில் விட்டால் ஒட்டுப்போட்ட இடத்தால் தண்ணீர் போகும்.

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறும்போதே தமிழன் என்று பிடித்துவிடுவார்களோ என்று பயம். ஐடென்டிட்டி கார்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அன்றைக்கு ஒரு மந்திரி அந்த வழியால் போகிறாராம். உயரத்தில் ஒருவரும் நிற்கக்கூடாதாம்.

என்னை வேலைக்கு வைத்த வெள்ளவத்தைக் கொன்ட்ராக்டரும் கீழே நின்று கத்தினார்: "இறங்கடாப்பா! கார்னிஸ் போனாப் போகட்டும், சுடப்போறாங்கள்!"

கால் இறங்கத்தான் பார்த்தது. கை டெம்பிளேட்டை விடவில்லை. தெரிந்த சிங்களத்தில் ஆமிக்காரரிடம் கேட்டேன்: "சேர், சாந்து இறுகுது! துவக்கோட மேல வந்து எனக்குப் பக்கத்தில நில்லுங்க. ஏதும் பிழையாச் செய்தாச் சுடுங்க!"

"முடிஞ்சுது கதை" என்று கொன்ட்ராக்டர் தலையில் கை வைத்தார்.

நான் இறங்கமாட்டேன் என்று கண்டு, ஆமிக்காரரே காவலுக்கு ஏறினார். பாதிச் சாரத்திலேயே முகம் வெளுத்துவிட்டது. மேலே வந்ததும் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் கம்பைக் கட்டிப்பிடித்தார்.

"அய்யே, பலகை ஆடுது!"

"கீழ பாக்காதீங்க மல்லி. என்ர கையைப் பாருங்க." சிங்களத்தில் அய்யே அண்ணன், மல்லி தம்பி; சேர் போய்விட்டது.

அவர் என் கையைப் பார்த்தார். நான் இழுத்தேன். கீழே சைரனோடு வாகனங்கள் பறந்தன, நான் திரும்பவில்லை. டெம்பிளேட் மூலையில் வந்து நின்றபோது பக்கம் முழுவதும் ஒரே கோடு.

"ஷோக்! அருமை!" என்றார், கம்பை விடாமலே.

அவரை இறக்கத்தான் பாடுபட்டேன். ஒவ்வொரு படியாகக் காலைப் பிடித்து வைத்தேன். கொன்ட்ராக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இப்ப ஆரடாப்பா ஆருக்குக் காவல்?"

அடுத்த கிழமை அடைமழை. நானே ஏறிப் போய் மெஷின் அறையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்த தூசிதான் கையில் ஒட்டியது.

பயம் எனக்கு இன்றும் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பயம் வந்தால் பேசாமல் இறங்குவதில்லை. வேலை முடிய என்ன வேண்டுமோ, அதை வாய்விட்டுக் கேட்டுவிடுவேன்.