‘ஈவும் மீதியும்’ இதழில் நான் திருத்தாத பக்கம்

போன மாதம் வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மணப்பெண்ணின் தோழி ஒருத்தி எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். குப்பியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. எல்லோருக்கும் அது நகப்பூச்சு வாடை. எனக்கு அது ஸ்டென்சில் தாளில் எழுத்துப்பிழையை மறைக்கப் பூசும் சிவப்புத் திரவத்தின் வாடை. சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடும்வரை அங்கேயே உட்கார்ந்து, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கோபத்தை நிதானமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியிருந்தால், இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த எண்ணம் வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். பி.எஸ்ஸி. கணிதம் படித்திருந்தேன். அதைக் கேட்டு யாரும் வேலை கொடுக்கவில்லை, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்றதும் கொடுத்தார்கள். கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம். எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரும்பு கடையும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் வாடை. தலைக்குக் குளித்துவிட்டுப் போனாலும் மதியத்துக்குள் கூந்தலில் ஏறிவிடும்.

அந்தக் காலத்தில்தான் ‘ஈவும் மீதியும்’ வந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தமிழில், கணக்கைக் கணக்குப் பயம் இல்லாமல் சொல்வதற்காக ஒரு பத்திரிகை. முப்பத்திரண்டு பக்கம். நகரத்துக் கல்லூரி ஒன்றில் கணிதப் பேராசிரியராக இருந்த தணிகாசலம்தான் ஆசிரியர். அம்பத்தூரில் அவர் வீட்டு முன்னறையில் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த, ஸ்டென்சிலிலிருந்து படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஸ்டென்சில் அடித்துக் கொடுப்பேன். கூலி கேட்கவில்லை. கணக்கைத் தமிழில் வாசிக்க முடிகிறதே என்ற பூரிப்பிலேயே போனேன். இதழ் பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும். அதைவிட எனக்குப் பெருமை, ஃபேக்டரித் தொழிலாளர்கள் சிலரும் சந்தா கட்டி வாங்கினார்கள் என்பது.

தணிகாசலத்துக்கு நல்ல நடை. பேனாவை எடுத்தால் பச்சை மையில் அருவிபோல் கொட்டும். ஆனால் எழுதியதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். ஒருமுறை பகா எண்களின் பட்டியலில் ஒன்று என்ற எண்ணையும் சேர்த்திருந்தார். இன்னொருமுறை ஒரு நிரூபணத்தின் நடுவில், சுழியம் என்று தெரியாமலே சுழியத்தால் வகுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தார். டைப் அடிக்கும்போதே திருத்திவிடுவேன். சில சமயம் அடித்து முடித்த பிறகுதான் உறைக்கும். அப்போது சிவப்புத் திரவத்தைப் பூசி, ஊதி ஊதிக் காயவைத்து, மேலே சரியானதை அடிப்பேன். அச்சாகி வந்ததும் தன் கட்டுரையைத் தானே வாசித்து, “எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாரும்மா” என்பார். நானும் தலையாட்டுவேன்.

கம்பெனியில் மதிய நேரத்தில் மேசைமேல் நட்டுகளை வைத்து விளையாடுவது என் வழக்கம். நட்டுக்கு ஆறு பக்கம். நடுவில் ஒன்று வைத்தால் சுற்றி ஆறு கச்சிதமாக உட்காரும், மொத்தம் ஏழு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு, மொத்தம் பத்தொன்பது. ஒன்றோடு ஏழைக் கூட்டினால் எட்டு. பத்தொன்பதையும் கூட்டினால் இருபத்தேழு. எட்டு இரண்டின் கனம், இருபத்தேழு மூன்றின் கனம். அடுத்த வளையத்தையும் வைத்துப் பார்த்தேன், அறுபத்துநான்கு வந்தது. சோறு இறங்கவில்லை. ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பேக்கிங் பகுதியில் கிடந்த மரக்கட்டைகளை அடுக்கி ஒரு கனசதுரம் கட்டினேன். ஒரு மூலையில் சேரும் மூன்று பக்கங்களை மட்டும் ஒரு தோல்போல உரித்தெடுத்து, அந்த மூலைக்கு நேராக நின்று பார்த்தால் அது ஓர் அறுகோணம். அவ்வளவுதான். கனசதுரம் என்பது ஒன்று, ஏழு, பத்தொன்பது என்று அறுகோணத் தோல்களின் அடுக்கு. உலகத்தில் எனக்கு முன்பே பலர் இதைக் கண்டிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. இருக்கட்டும், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான்தான் முதல்.

இரண்டு பக்கம் எழுதி, படம் வரைந்து, மேலே என் பெயரையும் போட்டுத் தணிகாசலத்திடம் கொடுத்தேன். “பாக்கலாம்மா” என்றார்.

அடுத்த இதழுக்காக அவர் கொடுத்த தாள்கட்டுக்குள் அந்தக் கட்டுரை இருந்தது. பச்சை மையில், அவர் கையெழுத்தில். என் மரக்கட்டைகள், என் நட்டுகள். மேலே அவர் பெயர்.

“சார், இது நான் எழுதினது.”

“கருத்து உன்னுதுதாம்மா, இல்லேங்கல. வடிவம் கொடுத்தது நான். டைப்பிஸ்ட் பேர்ல வந்தா எந்த ஹெட்மாஸ்டர் படிப்பார் சொல்லு? கணக்குக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். பிறகு என் கட்டுரையை அவர் பெயரில் நானே டைப் அடித்தேன். அந்த ஸ்டென்சிலில் ஒரு பிழைகூட இல்லை. பிழையோடு விட என் கை ஒப்பவில்லை.

ஏன் உடனே விட்டுவிட்டு வரவில்லை என்று கேட்பீர்கள். விட்டுவிட்டு வந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? வேறொரு பெண்ணைப் பிடித்துக்கொள்வார். நான் போய்க்கொண்டே இருந்தேன். இரண்டு வருஷம் அவர் தவறுகளை முன்பைவிடக் கவனமாகத் திருத்தினேன். அவருடைய புகழ் வளர்ந்தது. அந்த அறுகோணக் கட்டுரையைப் பாராட்டி வந்த கடிதங்களைக்கூட என்னிடமே கொடுத்து ஃபைல் பண்ணச் சொன்னார்.

இதழுக்கு ஐந்தாம் ஆண்டு நிறைவு வந்தது. அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் விழா, பேராசிரியருக்குப் பொன்னாடை, அவர் சிறப்புரை. சிறப்பிதழின் முதல் கட்டுரையைக் கடைசி ஞாயிறு மதியம்தான் கொடுத்தார். பகா எண்களைப் பற்றி. மூன்றைவிடப் பெரிய பகா எண் எதுவானாலும், ஆறின் மடங்குக்கு ஒன்று முன்னால் அல்லது ஒன்று பின்னால்தான் இருக்கும். இது சரி. இவர் அருவிபோல் கொட்டிக்கொண்டே போய் அதைத் தலைகீழாக்கியிருந்தார். ஆறின் எந்த மடங்கை எடுத்தாலும், முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதுமான இரண்டு எண்களில் ஒன்றாவது பகா எண்ணாக இருந்தே தீரும் என்று. அதற்கு ஒன்றரைப் பக்கம் நிரூபணமும்.

தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஐந்து, ஏழு. பதினொன்று, பதின்மூன்று. போய்க்கொண்டே இருந்தது. இருபதாவது மடங்கு நூற்றிருபது. முன்னால் நூற்றுப்பத்தொன்பது, ஏழு பெருக்கல் பதினேழு. பின்னால் நூற்றிருபத்தொன்று, பதினொன்று பெருக்கல் பதினொன்று.

ஒரு வரியை மாற்றி, அந்த ஒன்றரைப் பக்கத்தை வெட்டினால் போதும். சிவப்புத் திரவக் குப்பியின் மூடியை இறுக்கி மூடினேன். அவர் எழுதியதை எழுதியபடியே அடித்தேன். பச்சை மைத் தாள்களை வழக்கம்போல் குப்பையில் போடாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே இதழ் எல்லோருக்கும் போய்விட்டது. அன்று தலைமை விருந்தினராகப் பூந்தமல்லியிலிருந்து ஒரு தலைமையாசிரியை வந்திருந்தார். தணிகாசலம் கரும்பலகையில் பத்தாவது மடங்குவரை எழுதிக் காட்டினார். கைத்தட்டல். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். நடு வரிசையில் ஒருவர் எழுந்தார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு.

“சார், ஒரு டவுட்டு. இருபதாவது மடங்கு போட்டுப் பாத்தேன். நூத்திப் பத்தொம்போது ஏழுல போவுது. நூத்தி இருபத்தொண்ணு பதினொண்ணுல போவுது. ரெண்டுமே பகா எண்ணா இல்லியே.”

தணிகாசலம் சிரித்தார். “நீங்க என்ன பண்றீங்க?”

“ஏகாம்பரம் சார். முத்தாபுதுப்பேட்டை. ஆவடி ஃபேக்டரில டர்னரா கீறேன்.”

“நல்லது. இது கொஞ்சம் உயர் கணிதம், ஏகாம்பரம். உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “உயர் கணிதத்துலயும் ஏழு பதினேழு நூத்திப் பத்தொம்போதுதானே சார்?”

யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியை அழைப்பிதழின் பின்புறம் பெருக்கத் தொடங்கினார். தணிகாசலம் பலகையில் எழுதியதை அழித்துவிட்டுத் திரும்பினார்.

“டைப்பிங்ல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. நம்ம டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் கணக்கு அவ்வளவா தெரியாது. மன்னிச்சுக்குங்க.”

இதை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் என்றால் நம்புங்கள். வாசலில் பெயர் பதியும் மேசையிலிருந்து எழுந்து நேராக மேடைக்குப் போனேன். பச்சை மைத் தாள்களைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன்.

“சார் எழுதினபடியே அடிச்சேன் மேடம். ஒரு எழுத்துகூட மாத்தல. இத்தனை வருஷமா மாத்திட்டிருந்தேன். இந்தத் தடவை மாத்தல.”

அவர் வாசித்தார். தணிகாசலத்தைப் பார்த்தார். தாளை மடித்து மேசையில் வைத்தார். பொன்னாடை தட்டிலேயே இருந்தது. நான் கீழே இறங்கி வந்து கேசரி சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குள் ஏகாம்பரம் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேடம், அது தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு வாரமா தூக்கமே இல்ல மேடம். புக்குல போட்டுட்டாங்க, நாமதான் தப்பா பெருக்குறோம்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துகினு இருந்தேன். ஷிப்டுல ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆயிடிச்சி. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பேராசிரியரை மட்டுமே குறிவைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை நம்பி ஒருவர் வாங்கிப் படிப்பார் என்பதை, அதைப் பற்றித்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நான், மறந்துவிட்டேன்.

தணிகாசலம் பத்திரிகையைக் கைகழுவினார். இயந்திரம் கல்லூரிக்குத் திரும்பிவிட்டது. ஏகாம்பரமும் நானும் சேர்ந்து ஜெராக்ஸில் இரண்டு இதழ் கொண்டுவந்தோம். ஆசிரியர் என்று என் பெயர் அச்சானது அந்த இரண்டில்தான். பள்ளிக்கூடங்கள் தணிகாசலத்தின் நண்பர்கள் கையில் இருந்தன; ஒவ்வொன்றாகச் சந்தாவை நிறுத்தின. “ஒரு தப்புக்காக ஒரு பத்திரிகையையே சாகடிச்சிட்டீங்களே” என்று ஓர் ஆசிரியர் கேட்டார். சாகடித்தேன்தான். ஏகாம்பரத்தின் இரண்டு வாரத்துக்காக வருந்துகிறேன். மற்றதற்கு இன்றுவரை இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நட்டு கம்பெனி மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது கண்ணாடி முகப்போடு ஒரு கம்ப்யூட்டர் அலுவலகம் நிற்கிறது, தெருவில் எந்த வாடையும் இல்லை. விழா நடந்த அரங்கை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஏகாம்பரம் ரிட்டயர் ஆகி மகள் வீட்டோடு பாரிவாக்கம் போனதாகக் கேள்வி, அதற்குமேல் தகவல் இல்லை. தணிகாசலம் காலமாகிப் பல வருஷமாகிறது. இரங்கல் கூட்டத்தில் அவருடைய அறுகோணக் கட்டுரையைத்தான் பெரிதாகப் பாராட்டினார்களாம். நான் போகவில்லை.

கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள், அம்பத்தூர்ப் பக்கத்து நூலகம் ஒன்றுக்குப் போனேன். இதழ்களைத் தைத்து அட்டை போட்டு முன்பு அங்கே வைத்திருந்தார்கள். அறுகோணக் கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்து, அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிவிட்டு வருவதாகத் திட்டம். இந்த வயதில் நூலகப் புத்தகத்தில் கிறுக்கப் போனேன் என்று சிரிக்காதீர்கள்.

மேசையிலிருந்த பெண் கணினியில் தேடினாள். “அந்தப் பேர்ல எதுவும் இல்லையே மேடம். புது கட்டடத்துக்கு மாத்தும்போது பழசெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்க.”

அடிப்பதற்கு அவர் பெயர்கூட எங்கும் மிச்சமில்லை.