குமிழி இல்லாத பாட்டில்

எண்ணெய் கழுத்துவரை ஏறினாலும் ஆவுடையப்பன் நிறுத்துவதில்லை. வழிய வழிய ஊற்றுவார். விரல் கணுவால் பாட்டிலை நாலு தட்டுத் தட்டுவார். மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் பார்ப்பார். கடுகளவு குமிழி தெரிந்தாலும் திறந்து மறுபடி ஊற்றுவார். குற்றாலத்தில் சாரல் காலம். குளிக்க வந்த கூட்டம் கடை வாசலில் நெருக்கும்.

“எண்ணெய்க் கடையில என்னவே ஆராய்ச்சி? ஆளு நிக்குதுல்லா!” என்று முதலாளி அருமைநாயகம் கத்துவார்.

“காத்து இருக்கு அண்ணாச்சி.”

இது அரசாங்கம் பழக்கிவிட்ட பழக்கம். மூன்று வருஷத்துக்கு முன், 1961இல், மேலகரத்தில் ஒரு வாடகை வீட்டில் ஆராய்ச்சி முகாம் போட்டார்கள். மலைநீரிலும் கடல்நீரிலும் இயற்கையாகவே இருக்கும் கதிரியக்கத்தை அளக்கும் வேலை. ஆவுடையப்பன் அங்கே தினக்கூலி. ஜீப்பில் திருச்செந்தூர் போய், வள்ளத்தில் ஏறி, பாட்டிலில் கடல்நீர் பிடித்து வருவார். அளக்க வேண்டியது நீரில் கரைந்திருக்கும் ஒரு வாயுவை. குமிழி இருந்தால் வாயு அதற்குள் ஓடிவிடும்.

“குமிழியோடு வந்தால் உனக்கு வேலை இல்லை. ஒழுங்காக இருந்தால் தை மாதம் நிரந்தரம்” என்றார் அதிகாரி.

ஜீப் குலுங்கலில் மூடி கசிந்து விரற்கடை நீர் குறையும். ஆவுடையப்பன் முகாமின் கிணற்றில் மொண்டு நிரப்பிவிடுவார். கல்கண்டு மாதிரித் தண்ணீர். அதில் என்ன கெடுதல்?

கருவியின் முள் எகிறியது. நம் கடல் அபூர்வமானது என்று அதிகாரி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். பாராட்டு வந்தது. பிறகு ஒருநாள் அந்தக் கிணற்று நீரையே அளந்தார்கள். முள் கடைசிவரை ஓடி முட்டி நின்றது. பாறைக்குள்ளிருந்து ஊறும் நீரில் அந்த வாயு அத்தனை இருந்தது. கடல்நீரில் முள்ளை எகிறவைத்தது தான் ஊற்றிய கிணற்று நீர்தான் என்று பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனுக்குப் புரிந்தது; ராத்திரி வீட்டில் சொன்னார்.

“வாயப் பொத்திக்கிட்டு இரும். தையில நெரந்தரம். ஒம்மள ஆரு கேட்டா?” என்றாள் மனைவி உலகம்மை.

“அளவு தப்புல்லா ஏட்டி.”

மறுநாள் போய்ச் சொன்னார். அதிகாரி எழுந்து கதவைச் சாத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “வேறு யாரிடம் சொன்னாய்?”

அதற்கடுத்த நாள் வேலை இல்லை. அறிக்கை அப்படியே இருந்தது.

போன வாரம் அந்த அதிகாரி குடும்பத்தோடு அருவிக்கு வந்தார். தோளில் துண்டு, புதுக் காரின் சாவி. ஆவுடையப்பனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“ஒரு பாட்டில் எண்ணெய். சீக்கிரம்ப்பா.”

ஆவுடையப்பன் ஊற்றினார். விரற்கடை குறைய நிறுத்தி, தட்டாமல், கவிழ்க்காமல், மூடிக் கொடுத்தார்.